நட்சத்திரங்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பிறக்கின்றன?

பால்வெளி மண்டலத்தில் ஓராண்டில் புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்கள் அனைத்தையும் சேர்த்து எடை போட்டால் இரண்டு சூரியன்களின் எடைகூடத் தேறாது. கைவசம் இருக்கும் மூலப்பொருளோ ஏராளம். நட்சத்திரமாகக் கூடிய குளிர்ந்த வாயு மட்டும் ஏறத்தாழ நூறு கோடி சூரியன்களின் எடைக்குப் பரவிக் கிடக்கிறது. இத்தகைய மேகம் ஒன்று தன் எடையிலேயே சரியத் தொடங்கி, தடுக்க எதுவும் இல்லாமல் போனால், 30 அல்லது 40 லட்சம் ஆண்டுகளில் முழுவதும் உள்நோக்கி விழுந்து முடிந்துவிடும். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 250 முதல் 330 சூரியன்கள் பிறக்க வேண்டும். பிறப்பது அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தக் கணக்கு இடிப்பதை 1974-லேயே பென் சக்கர்மேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். பாடநூல்களில் மட்டும் இன்றும் 'வாயு மேகம் ஈர்ப்பு விசையால் சுருங்கி நட்சத்திரம் ஆகிறது' என்ற ஒற்றை வரிதான். தவறான வரி இல்லை. ஆனால் ஈர்ப்பு எப்போதும் இருப்பது, எங்கும் இருப்பது. அது ஒன்றே போதுமென்றால் மேகங்கள் எல்லாம் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். கடந்த அரை நூற்றாண்டில் இந்தத் துறையில் நடந்த வேலையில் பெரும்பகுதி, ஈர்ப்பின் கையைப் பிடித்து நிறுத்துவது எது என்ற தேடல்தான்.

முதலில் மேகங்களைப் பார்த்துவிடுவோம். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் வானைத் துழாவியபோது, விருச்சிகத்தின் பக்கம் நட்சத்திரமே இல்லாத கரும் பகுதியைக் கண்டு, வானத்தில் ஓட்டை விழுந்திருப்பதாக வியந்தார். அவருடைய தங்கை கரோலின் இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிறுவயதில் புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்து வளர்ந்த அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட், இத்தகைய கரும்பகுதிகளைத் தகடுகளில் பதிவுசெய்து 1919-ல் 182 இடங்களின் பட்டியலை வெளியிட்டார். அவை வெற்றிடங்களா, ஒளியை மறைக்கும் பொருளா என்பதில் அவருக்கே நெடுநாள் ஐயம் இருந்தது. தொலைதூர நட்சத்திரக் கொத்துகள் எதிர்பார்ப்பதைவிட மங்கலாகத் தெரிவதை 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் அளந்து காட்டிய பிறகுதான், நட்சத்திரங்களுக்கு இடையே தூசு பரவியிருப்பது உறுதியானது. ஒளியை மறைப்பது தூசு என்றாலும், எடையில் அது மேகத்தின் நூறில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வாயு, அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு.

அந்த ஹைட்ரஜன் மூலக்கூறுதான் பெரிய தலைவலி. மேகத்தின் உள்ளே வெப்பம் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு எந்தக் கதிரையும் வெளியிடாது. பொருள் அங்கே இருப்பதற்கு அடையாளமே தராது. அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் காட்டிக்கொடுக்கிறது. 1970-ல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலுள்ள ரேடியோ தொலைநோக்கியை ஓரியன் பக்கம் திருப்பி, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் அதன் கதிரைப் பிடித்தார்கள். பெருவெடிப்பின் எச்சக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த அதே வில்சன், அதே பென்சியாஸ். நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. நட்சத்திரப் பிறப்பை ஆராய்பவர்களுக்கு இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு அதற்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. இதன் பிறகுதான் மேகங்களின் எடையை, வேகத்தை, வெப்பத்தை வானியலாளர்களால் அளக்க முடிந்தது.

'மேகம்' என்ற சொல்லால் ஏமாந்துவிடக் கூடாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. இந்த மேகங்களில் சில நூறு. மேகத்துக்குள் நட்சத்திரம் உருவாகும் அடர்ந்த முடிச்சுகளில், அதாவது கருக்களில், பத்தாயிரம், லட்சம். இவ்வளவு மெலிந்த பொருள் எப்படித் திரண்டு நட்சத்திரமாகிறது?

எல்லையற்ற வெளியில் சமமாகத் தூவப்பட்ட பொருள் அங்கங்கே திரண்டு சூரியனும் நட்சத்திரங்களும் ஆகியிருக்கலாம் என்று ரிச்சர்ட் பென்ட்லிக்கு 1692-ல் எழுதிய கடிதத்தில் நியூட்டன் ஊகித்தார். அதைக் கணக்காக மாற்றியவர் ஜேம்ஸ் ஜீன்ஸ், 1902-ல். வாயுவை ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. அழுத்தம் வெளியே தள்ளுகிறது. அழுத்தம் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால், ஓரிடத்தில் வாயு நெருங்குகிறது என்ற செய்தி மேகம் முழுக்கப் பரவியாக வேண்டும். அந்தச் செய்தி ஒலியின் வேகத்தில்தான் போகும். 10 கெல்வின் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.2 கிலோமீட்டர். அரை ஒளியாண்டு அகலமுள்ள கருவை அது கடக்க 7, 8 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் மூலக்கூறுகள் கொண்ட அதே கரு, ஈர்ப்பால் சரிந்து விழ 3 லட்சம் ஆண்டுகள் போதும். செய்தி போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் எடையுள்ள வாயுத் திரள் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது. அந்த எல்லைக்கு ஜீன்ஸ் நிறை என்று பெயர். மேகம் குளிரக் குளிர, அடர்த்தி கூடக் கூட அந்த எல்லை கீழிறங்கும். மேற்சொன்ன கருவுக்கு அது சில சூரியன்களின் எடை.

ஜீன்ஸ் இந்த முடிவுக்கு வரக் கையாண்ட கணித வழி முழுக்கச் சுத்தமானதல்ல. எல்லையில்லாமல் சமமாகப் பரவிய வாயுவின் மொத்த ஈர்ப்பையும் பேசாமல் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார். துறைக்காரர்கள் இதை ஜீன்ஸின் தில்லுமுல்லு என்றே சொல்வார்கள். ஆனாலும் விடை கிட்டத்தட்டச் சரி. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் யாரும் அதை ஒதுக்கவில்லை.

கணக்கு நிஜ வானில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கப் பர்னார்ட் பெயரையே தாங்கிய ஒரு சிறு மேகம் உதவியது. பர்னார்ட் 68, ஏறத்தாழ 500 ஒளியாண்டுத் தொலைவில், அரை ஒளியாண்டு அகலத்தில், கருமசியை ஒரு சொட்டு விட்டதுபோல் இருக்கிறது. எந்தத் தூசு பார்வையை மறைக்கிறதோ அதையே ஜோவாவ் அல்வெஸ், சார்லஸ் லாடா, எலிசபெத் லாடா மூவரும் அளவுகோலாக்கினார்கள். அகச்சிவப்புக் கதிர் தூசை ஓரளவு ஊடுருவும். ஊடுருவும்போது நிறம் சிவப்புப் பக்கம் சாயும். மேகத்தின் வழியாகவும் விளிம்பிலும் தெரியும் ஆயிரக்கணக்கான பின்னணி நட்சத்திரங்களின் நிறச் சாய்வை ஒவ்வொன்றாக அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். மையத்தின் பின்னாலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் ஒரு கோடி கோடியில் ஒரு பங்குதான் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. 2001-ல் 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வில் உண்மையான வியப்பு வேறு: மையத்திலிருந்து விளிம்பு வரை அடர்த்தி குறையும் விதம், அழுத்தமும் ஈர்ப்பும் சமன்பட்ட ஒரு கோளத்துக்கு 1950-களில் எபர்ட், பானர் இருவரும் போட்டுவைத்த கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. அதுவும் அந்தச் சமநிலை உடையும் எல்லைக்கு மிக அருகில். அதன் தென்கிழக்கு ஓரத்தில் சிறு வாயுத் திரள் ஒன்று மோதிக்கொண்டிருப்பதாகவும், அந்த இடியே மேகத்தைச் சரிவுக்குத் தள்ளிவிடும் என்றும் 2009-ல் ஆண்ட்ரியாஸ் பர்க்கெர்ட்டும் அல்வெஸும் வாதிட்டார்கள்.

சரிவு தொடங்கிய பின் உள்ளே நடப்பதை முதலில் கணினியில் படிப்படியாகத் தொடர்ந்தவர் ரிச்சர்ட் லார்சன், 1969-ல். இன்றைய கைப்பேசிக்கு அவருடைய கணினி ஒரு பொருட்டே இல்லை. அவர் கண்ட வரிசை மட்டும் இன்றும் மாறவில்லை. வாயு விழும்போது வெப்பம் உண்டாகிறது. தொடக்கத்தில் தூசும் மூலக்கூறுகளும் அந்த வெப்பத்தைக் கதிராக வெளியே அனுப்பிவிடுவதால் கரு 10 கெல்வினிலேயே நிற்கிறது. குளிராகவே இருப்பதால் அழுத்தம் ஏறுவதில்லை, வீழ்ச்சி தடைபடுவதில்லை. மையத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குப் பல ஆயிரம் கோடி மூலக்கூறுகள் என்ற அளவை எட்டும்போது கதிர் வெளியேற வழியில்லாமல் போகிறது. வெப்பம் ஏறுகிறது, அழுத்தம் ஏறுகிறது, சரிவு நிற்கிறது. சூரியனுக்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆரமாகக் கொண்ட ஒரு மந்தமான வாயுப் பந்து உருவாகிறது. இது முதல் கரு.

அதன் ஆயுள் குறைவு. மேலிருந்து வாயு கொட்டக் கொட்ட வெப்பம் 2000 கெல்வினைத் தொடுகிறது. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அணுக்களாக உடையத் தொடங்குகின்றன. கொதிக்கும் தண்ணீரை எவ்வளவு சூடாக்கினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாமல் ஆவியாவதற்கே வெப்பத்தைச் செலவிடுவதுபோல, நசுங்குவதால் வரும் ஆற்றலெல்லாம் மூலக்கூறுகளை உடைப்பதிலேயே கரைந்துபோகிறது. அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. முதல் கருவின் நடுப்பகுதி மறுபடியும் சரிகிறது; இம்முறை மிக வேகமாக. மிஞ்சுவது சூரியனின் அளவும் சில வியாழன்களின் எடையும் மட்டுமே கொண்ட ஒரு சின்ன உருண்டை. அதுதான் நட்சத்திரக் குழந்தை. மற்ற எடையெல்லாம் அடுத்த சில லட்சம் ஆண்டுகளில் மேலே வந்து விழுந்து சேர வேண்டியது.

ஒளிர்வதற்கு அணுக்கரு இணைவு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குழந்தை அதற்கு வெகுநாள் முன்பே ஒளிர்கிறது. விழும் வாயுவின் ஆற்றலும் தன் சுருக்கமும் அதற்குப் போதும். சூரியனைப் போன்ற ஒன்றின் மையம் ஒரு கோடி டிகிரியைத் தாண்டி, ஹைட்ரஜன் நிலையாக எரியும் கட்டத்துக்கு வந்து அமர 4, 5 கோடி ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவும் சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் சொன்னது. ஒரு கரு தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 60, 70 லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சுற்றுகிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்கு மெதுவானது. ஆனால் அதன் ஆரம் 20 லட்சம் மடங்கு சுருங்கிச் சூரியன் அளவுக்கு வரும்போது, சுழல் உந்தம் வெளியேறாமல் அப்படியே இருந்தால், ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். சூரியன் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஒரு சுற்றுச் சுற்றினாலே பிய்ந்துபோகும். எனவே சுழற்சியைக் கழற்றிவிடாமல் நட்சத்திரம் பிறக்க வழியே இல்லை. வாயு நேராக மையத்தில் விழாமல் வட்டாகப் படிகிறது. வட்டின் இருபுறமும் துருவ அச்சில் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் தாரைகள் பீறிட்டு, பொருளில் ஒரு பகுதியையும் சுழற்சியில் பெரும்பங்கையும் எடுத்துக்கொண்டு போகின்றன.

வட்டின் உள்ளமைப்பைத் துல்லியமாகப் பார்த்தது 2014-ல். சிலியின் அடகாமா பாலைவனத்தில் 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி, தன் அலைவாங்கிகளை 15 கிலோமீட்டர் வரை விரித்துவைத்து எச்.எல். டாரி என்ற குழந்தை நட்சத்திரத்தைப் படம் பிடித்தது. நம் ஊர் வானில் ரோகிணிக்கு வடக்கே இரண்டு பாகை தள்ளி இருக்கிறது அது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வயது பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாது. அதற்குள் வட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள். கோள்கள் உருவாவதன் தடம் என்று அவற்றைப் பலரும் கருதுகிறார்கள். கோள்களுக்கு இன்னும் நாளிருக்கிறது என்று நம்பியிருந்தவர்களை அந்தப் படம் திகைக்கவைத்தது.

இனி தடைக்கு வருவோம். முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது காந்தப்புலம். நட்சத்திர ஒளி தளவாக்கம் பெற்று, அதாவது அதன் அதிர்வு ஒரு திசைப் பக்கம் சாய்ந்து, வருவதை 1949-ல் ஹில்ட்னரும் ஹாலும் கண்டார்கள். காந்தப்புலத்தால் ஒரே சீராக நிறுத்தப்பட்ட தூசுத் துகள்களே அதற்குக் காரணம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோவில் பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் 1953-ல் ஒரு நுட்பமான யோசனையை முன்வைத்தார்கள். புலம் வலுவாக இருந்தால் வாயுவின் அலைக்கழிப்பு அதன் கோடுகளை அதிகம் வளைக்க முடியாது. பலவீனமாக இருந்தால் கோடுகள் தாறுமாறாகும். அப்படியானால் தளவாக்கத் திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் கொண்டே புலத்தின் வலிமையைச் சொல்லிவிடலாம். பால்வெளியின் கரங்களில் அது சுமார் 7 மைக்ரோகாஸ் என்று கணித்தார்கள். கருவியைக் கொண்டுபோய் வைக்கவே முடியாத இடத்தில், ஒரு கோணத்தின் சிதறலை மட்டும் வைத்து எடுத்த அளவு. அதே ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரையில் காந்தப்புலம் ஈர்ப்புச் சரிவை எப்படி எதிர்க்கும் என்பதையும் இருவரும் கணக்கிட்டார்கள். சந்திரசேகர், ஃபெர்மி பெயர்களில் வழங்கும் அந்தச் சிதறல் முறை இன்றும் அன்றாடம் கையாளப்படுகிறது.

வாயுவில் இருக்கும் சொற்ப மின்னூட்டத் துகள்கள் காந்தப்புலத்தோடு பிணைந்தவை. புலம் போதிய வலுவுடன் இருந்தால் மேகம் சரியாது. மின்னூட்டமில்லாத வாயு புலத்தின் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி உள்ளே இறங்கினால்தான் உண்டு. 1956-ல் மெஸ்டலும் ஸ்பிட்சரும் சொன்ன இந்த நழுவல், 1980-களில் ஃபிராங்க் ஷூவும் குழுவினரும் வளர்த்த கோட்பாட்டின் அச்சாணி ஆயிற்று. தாமதத்துக்கு அழகான விளக்கம். அழகாக இருந்தது மட்டும் போதவில்லை. ரிச்சர்ட் கிரட்சர் பல ஆண்டுகள் பொறுமையாக ரேடியோ நிறமாலைக் கோடுகளில் காந்தப்புலம் உண்டாக்கும் பிளவை அளந்து பார்த்ததில், கருக்களில் புலம் சராசரியாகத் தேவையான வலிமையில் பாதியளவே இருந்தது. ஈர்ப்பை முற்றிலும் தடுத்து நிறுத்த அது போதாது.

அடுத்து, கொந்தளிப்பு. கார்பன் மோனாக்சைடின் நிறமாலைக் கோடுகள் 10 கெல்வின் வாயுவுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு அகலமாக இருந்தன. மேகத்துக்குள் வாயு நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில், ஒலியைவிடப் பல மடங்கு வேகமாக, முட்டி மோதிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். மேகம் பெரிதானால் இந்த வேகமும் சீராகக் கூடுகிறது என்பதை 1981-ல் அதே லார்சன் காட்டினார். இந்த மோதல் மேகத்தை ஒட்டுமொத்தமாகச் சரிய விடாது. ஆனால் மோதும் இடங்களில் வாயுவை நசுக்கி அங்கங்கே கருக்களை உண்டாக்கும். 2009-ல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் படங்களில் மேகங்கள் இழை இழையாகத் தெரிந்தன. பிலிப் ஆண்ட்ரே குழுவினர் காட்டியபடி, கருக்களில் பெரும்பாலானவை அடர்ந்த இழைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இழைகளுக்கெல்லாம் ஒரே அகலம், மூன்றில் ஒரு ஒளியாண்டு, என்று அவர்கள் சொல்வது மட்டும் இன்னும் சர்ச்சைக்குரியது.

கொந்தளிப்பிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தூண்டிவிட யாரும் இல்லையென்றால் அது சீக்கிரம் அடங்கிவிடும். காந்தப்புலம் இருந்தாலும் காப்பாற்றாது என்று 1998-ல் வந்த கணினி ஆய்வுகள் நிறுவின. அப்படியானால் தூண்டுவது யார்?

பிறந்த நட்சத்திரங்களேதான். ஓரியனின் வாளில் 1350 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பெரு நெபுலாவைப் பார்த்தால் போதும். அதன் நடுவிலுள்ள தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற நட்சத்திரம் சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேல் எடை கொண்டது. மேற்பரப்பு வெப்பம் 40,000 டிகிரியை நெருங்குகிறது. அந்த ஒன்றின் புற ஊதாக் கதிரும் காற்றும் தான் பிறந்த மேகத்தையே அரித்துக் குடைந்துகொண்டிருக்கின்றன. பக்கத்திலிருக்கும் சிறு நட்சத்திரங்களின் வட்டுகள்கூட ஆவியாகி வால் விடுவதை 1990-களில் ஹபிள் படம் பிடித்தது. எடை மிகுந்த ஒன்று தன் சகோதரர்களின் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவையெல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, 20,000 சூரியன் எடையுள்ள ஒரு மேகத்தை நட்சத்திரம் நட்சத்திரமாகக் கணினியில் பின்தொடர்ந்தது ஸ்டார்ஃபோர்ஜ் என்ற திட்டம். 2022-ல் வெளியான முடிவின்படி, தொடக்கத்தில் தாரைகளும், பிறகு கதிர்வீச்சும் காற்றும் மேகத்தைக் கலைத்துவிட்டன. நட்சத்திரமாக மாறியது 8 சதவீதம். மேகத்தைச் சிதறடிப்பதில் பெரும் பங்கு வெடித்துச் சிதறும் நட்சத்திரமான சூப்பர்நோவாவுக்கு என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். இந்த மாதிரியில் முதல் சூப்பர்நோவா 83 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு வெடித்தபோது, அதற்கு வேலையே மிச்சமிருக்கவில்லை.

ஒரு நட்சத்திரத்தின் எடையை எது முடிவுசெய்கிறது என்பதும் இதே வழக்கின் கிளைதான். எடை கூடக் கூட எண்ணிக்கை எந்த விகிதத்தில் குறைகிறது என்பதை 1955-ல் எட்வின் சால்பீட்டர் கணக்கிட்டார். 2007-ல் அல்வெஸ் குழுவினர் 'பைப்' நெபுலாவின் கருக்களை எடைபோட்டபோது, அவற்றின் பட்டியலும் ஏறக்குறைய அதே வடிவில் வந்தது. எடைகள் மட்டும் சுமார் மூன்று மடங்கு. கருவின் மூன்றில் ஒரு பங்குதான் நட்சத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது, மற்றது வெளியே வீசப்படுகிறது என்று அவர்கள் படித்தார்கள். இயன் பானல் போன்றவர்கள் இதை ஏற்பதில்லை. பொதுவான வாயுவுக்கு அண்டை அயல் குழந்தைகள் போட்டியிடுவதில்தான் எடை தீர்மானமாகிறது, பிறப்பில் அல்ல என்பது அவர்கள் கட்சி. சிறு மேகங்களில் முதல் தரப்புக்கும், நெரிசலான கொத்துகளில் இரண்டாம் தரப்புக்கும் சான்று கூடுதல் என்பது என் வாசிப்பு.

தடையைப் பற்றிய வழக்கில் தனியொரு குற்றவாளி இல்லை. காந்தப்புலம் மட்டுமே காரணம் என்ற வாதம் கிரட்சரின் அளவீடுகளோடு வீழ்ந்துவிட்டது. கொந்தளிப்பு மட்டுமே என்ற வாதத்தை அதன் குறுகிய ஆயுளே வீழ்த்தியது. இருக்கும் சான்றுகளில் கனமானது, நட்சத்திரங்கள் தங்கள் தொட்டிலைத் தாங்களே எரிக்கின்றன என்பதற்கான சான்று. ஆனால் நெபுலாக்களில் அளக்கப்பட்ட காந்தப்புலங்கள் இன்னும் சொற்பம்; அளவுகள் பெருகினால் இந்தக் கணிப்பு மாறக்கூடும். ஆல்மாவிலும் வெப் விண்தொலைநோக்கியிலும் எடுக்கப்படும் தரவுகளில் பெரும்பாலானவை சுமார் ஓராண்டுக்குள் உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடப்படுகின்றன. சந்திரசேகரும் ஃபெர்மியும் சொன்ன முறைக்கு வேண்டியவை தளவாக்கத் திசைகளின் சிதறல், வாயுவின் அடர்த்தி, அதன் வேகச் சிதறல் என்ற மூன்று அளவுகள்தான். நம் கல்லூரிகளில் இயற்பியல் முதுகலை படிக்கும் மாணவர்கள் ஒரு மேகத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தேவையானது ஒரு கணினியும், சரியான திசையில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும்.